இடம் மாறிய டி.என்.ஏ.

நம் செல்லில் டி.என்.ஏ. இருக்கவேண்டிய இடம் உட்கரு. கொஞ்சம் மைட்டோகாண்ட்ரியாவிலும் உண்டு. இவற்றுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் தென்பட்டால் வில்லங்கம்தான். ஹெர்பிஸ் வைரஸ் நுழையும்போது அதன் டி.என்.ஏ.யை அங்கே மடக்கிப் பிடிக்கிறது சிகாஸ் என்ற நொதி. யாருடைய டி.என்.ஏ. என்று அது விசாரிப்பதில்லை, இடம்தான் கணக்கு! பிடித்த கையோடு சிகேம்ப் என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கிறது. அது ஸ்டிங் என்ற புரதத்தை உசுப்ப, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரந்து பக்கத்துச் செல்களும் உஷாராகின்றன. நம் சொந்த டி.என்.ஏ. வழிதவறி வந்தாலும் இதே அமளிதான். சில தன்னெதிர்ப்பு நோய்களுக்கு இதுவே காரணம். சிகாஸை அமெரிக்காவின் டாலஸ் நகரில் கண்டறிந்த ஜிஜியான் சென், 2024இல் லாஸ்கர் விருது பெற்றார்.