கம்ப்யூட்டரில் நாவல் படிக்கலாம், வாங்க!

புதிய கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. கேம்ஸ் விளையாடி, பாட்டுக் கேட்டு, சினிமாவும் பார்த்தாயிற்று. அதே திரையில் ஒரு நல்ல நாவலையும் படிக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. வீட்டில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களிடமும் கொடுங்கள்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்று அழைக்கப்படும் நாவல்களின் தீவிர ரசிகன். 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்படுபவை இவை. கதை நாயகனோ நாயகியோ அந்த வயதுக்காரராகவே இருப்பார். பெரும்பாலும் 'நான்' என்று அவரே கதையைச் சொல்வார். வாக்கியங்கள் சின்னதாக இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கில நாவல் ஒன்றை முதன்முதலாகத் தொட நினைப்பவர்களுக்கு இதைவிட வசதியான வாசல் கிடையாது. (முப்பதை நெருங்கும் வயதில் இதையெல்லாம் படிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. படிக்கலாம்.)

இந்த வகை நாவல்களில் நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்தான். பெரியவர் யாரும் ஓடி வந்து காப்பாற்றாமல், அந்தப் பையனோ பெண்ணோ தானாக யோசித்து முடிவெடுக்க வேண்டிய கட்டம் கதையில் வருகிறதா? வந்தால் எனக்குப் பிடித்துவிடும். அதனால்தான் 2005-ல் வெளிவந்து உலகம் முழுக்க விற்ற 'ட்வைலைட்' என்னை இழுக்கவில்லை. 2008-ல் சூசன் காலின்ஸ் எழுதிய 'த ஹங்கர் கேம்ஸ்' இழுத்தது. எஸ்.இ. ஹின்டன் பள்ளியில் படிக்கும்போதே எழுதி, 1967-ல் வெளியான 'த அவுட்சைடர்ஸ்' இன்னும் அதிகமாக இழுத்தது. ஆனால் இவை எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. இலவசமாக, அதுவும் சட்டப்படி கிடைப்பவற்றை முதலில் பார்ப்போம்.

இந்தியச் சட்டப்படி, ஓர் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தபின் அவருடைய நாவல்களுக்குக் காப்புரிமை இல்லை. அப்படிப்பட்ட பழைய நூல்களை 'புராஜெக்ட் கூடன்பர்க்' என்ற தளம் இலவசமாகத் தருகிறது. மைக்கேல் ஹார்ட் என்பவர் 1971-ல் அமெரிக்காவில் தொடங்கியது. இன்று 70 ஆயிரத்துக்கும் அதிகமான நூல்கள் இதில் உள்ளன. பிரவுசரில் கூடன்பர்க் டாட் ஆர்க் என்ற முகவரியை டைப் செய்து என்டர் தட்டுங்கள். தேடும் கட்டத்தில் 'ட்ரெஷர் ஐலண்ட்' என ஆங்கிலத்தில் கொடுங்கள். 1883-ல் நூலாக வந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் நாவல் இது. ஜிம் ஹாக்கின்ஸ் என்ற பையன் கப்பலில் ஆப்பிள் பீப்பாய்க்குள் உட்கார்ந்தபடி, கொள்ளையர்களின் சதியை ஒட்டுக்கேட்கும் அத்தியாயத்தை மட்டுமாவது படித்துப் பாருங்கள். கப்பல் சம்பந்தப்பட்ட சொற்கள் முதலில் கொஞ்சம் மிரட்டும். விட்டுவிட்டு மேலே போய்க்கொண்டே இருங்கள், கதை புரிந்துவிடும். மொத்தம் 34 குட்டி அத்தியாயங்கள். பெண் பிள்ளைகளுக்கு 'லிட்டில் விமன்', 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' என்று தனியாகச் சொல்வார்கள். ஆண் பிள்ளைகளும் தாராளமாகப் படிக்கலாம். ஆன் பேசும் பேச்சுக்காகவே நான் இரண்டு முறை படித்தேன்.

டவுன்லோட் செய்யும்போது 'இபப்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பி.டி.எப். பைலில் பக்கத்தின் அளவு மாறாது. இபப் பைலில் எழுத்தைப் பெரிதாக்கினால், திரைக்கு ஏற்றபடி வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். கண்ணுக்கு இதமாக இருக்கும். இதைத் திறக்க 'காலிபர்' என்ற இலவச சாப்ட்வேரை நிறுவிக்கொள்ளுங்கள். கோவித் கோயல் என்பவர் 2006-ல் தொடங்கியது. கன்ட்ரோல் கீயுடன் கூட்டல் குறியை அழுத்தினால் எழுத்து பெரிதாகும். புரியாத சொல்லைத் தேர்வு செய்தால் அகராதியில் பார்க்கும் வசதியும் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதிய நாவல்களை 'இலவசம்' என்று சொல்லித் தரும் தளங்கள் ஏராளம். அங்கிருந்து வருவது பல சமயம் நாவலே இல்லை. பைலின் பெயர் 'ஹங்கர் கேம்ஸ் டாட் பி.டி.எப்.' என்று தெரியும். உண்மையில் அதற்குப் பின்னால் 'டாட் இ.எக்ஸ்.இ.' என்று இன்னொரு வால் இருக்கும். விண்டோஸ் இந்த வாலை வழக்கமாக மறைத்தே வைத்திருக்கிறது. டபுள் கிளிக் செய்தால் புத்தகம் திறக்காது, புரோகிராம் ஒன்று இயங்கத் தொடங்கும். அது உங்கள் பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராமாக இருக்கலாம். எனவே முதல் வேலையாக பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ மெனுவில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிடுங்கள். விண்டோஸ் 11 என்றால் வியூ மெனுவில் 'ஷோ' என்பதற்குள் இது இருக்கும். இனி வால் கண்ணுக்குத் தெரியும். இ.எக்ஸ்.இ. என்று முடியும் 'நாவலை' யோசிக்காமல் டெலீட் செய்துவிடலாம்.

சரி, புதிய நாவல் எதுவுமே சட்டப்படி இலவசமாகக் கிடைக்காதா? கிடைக்கும். அதுவும் என் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் நாவலே கிடைக்கும். காரி டாக்டரோவ் 2008-ல் எழுதிய 'லிட்டில் பிரதர்'. கடைகளில் விற்பனைக்கு வந்த அதே நூலை, கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமத்தில் தம்முடைய கிராப்ஹவுண்ட் டாட் காம் தளத்திலும் இலவசமாக வைத்தார் ஆசிரியர். அந்த இலவசப் பதிப்பில் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு புத்தகக் கடைக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்!

கதை சான்பிரான்சிஸ்கோவில் நடக்கிறது. நகரத்தின் பாலம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்படுகிறது. மார்கஸ் என்ற 17 வயது மாணவன் நண்பர்களோடு சந்தேகத்தில் பிடிபடுகிறான். வெளியே வந்ததும், நகரம் முழுவதும் மக்களை வேவு பார்க்கும் இயந்திரங்களோடு தன் கம்ப்யூட்டர் அறிவை வைத்து மோதுகிறான். பள்ளியில் நடையை வைத்து ஆளை அடையாளம் காணும் கேமராவை ஏமாற்ற, ஷூவுக்குள் சரளைக்கல் போட்டுக்கொள்வான். கதையின் நடுவே என்கிரிப்ஷன் பற்றியும் விளக்குவான். என் படிப்பில் வந்த பாடத்தைவிட அந்தச் சில பக்கங்கள் தெளிவாக இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கணக்கு. என் எண்களில் சொல்கிறேன். 10 லட்சம் பேர் உள்ள ஊரில் 10 பேர் குற்றவாளிகள். நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் இயந்திரம் ஒன்றை வைக்கிறார்கள். அருமையான இயந்திரம் என்றுதானே தோன்றுகிறது? ஆனால் மீதி ஒரு சதவீதத் தவறில் சுமார் 10 ஆயிரம் அப்பாவிகள் மாட்டுவார்கள். பத்துப் பேரைத் தேடப் போய், பத்தாயிரம் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இதைப் படித்தபின், 'எங்கள் சாப்ட்வேர் 99 சதவீதம் துல்லியம்' என்று யார் சொன்னாலும், 'எத்தனை பேரில்?' என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

விசாரணைக் கொடுமைகளும் கொஞ்சம் காதலும் இருப்பதால் 14 வயதுக்கு மேல் கொடுக்கலாம். நூலின் கடைசியில் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் எழுதிய பின்னுரையைத் தவறவிடாதீர்கள். 'ட்ரெஷர் ஐலண்ட்' படித்துவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு பெயர்ப் பொருத்தம் காத்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும்.

இந்த நாவலை நண்பர்களுக்கு காப்பி எடுத்துக் கொடுக்கலாம், தமிழில் மொழிபெயர்க்கவும் செய்யலாம். உரிமமே அனுமதிக்கிறது. விற்கக் கூடாது, ஆசிரியர் பெயரை விடக் கூடாது, மொழிபெயர்ப்பையும் இதே நிபந்தனைகளில் தர வேண்டும். அவ்வளவுதான். இதை முடித்ததும் அவருடைய 'ஃபார் த வின்' (2010) நாவலுக்குப் போங்கள். அதில் வரும் மாலா மும்பை தாராவியில் வாழும் பெண். ஆன்லைன் கேம் விளையாடியே சம்பாதிக்கிறாள். கேம்ஸே கதியென்று கிடக்கும் பிள்ளைகளுக்கு முதலில் இதையே கொடுத்தாலும் சரிதான்.