அடையாள அட்டையும் கணினியின் கடனும்

கடன் என்றதும் வங்கியும் வட்டிக் கடையுமே நம் நினைவுக்கு வருவன. கணினிக்கு நிரல் எழுதுவோரும் கடன்படுகின்றனர். வேலை விரைவில் முடிய வேண்டுமென்று இன்று செய்யும் அரைகுறை ஏற்பாட்டிற்குப் பின்னர் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் மிகையான உழைப்பைச் செலுத்த நேர்கிறது. அவ்வுழைப்பே வட்டி. வார்ட் கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்க நிரலாளர் 1992 இல் கூறிய உவமை இது. தொழில்நுட்பக் கடன் என்பது அதன் பெயர்.

சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் தேசிய அடையாள அட்டையே போதும். பழைய அட்டையின் இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. 1985 எனில் 85. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். பின்னர் வரிசை எண் மூன்று, சரிபார்ப்பு எண் ஒன்று, ஈற்றில் வீ அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்து, ஆகப் பத்து.

1970களில் இதனை வகுத்தோரைக் குறைகூற நாம் ஒருப்படோம். அன்று அட்டை பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் 1900க்குப் பின் பிறந்தவர்களே. இரண்டு எண்களை மிச்சம் பிடித்தது அக்காலத்துக்கு ஏற்ற சிக்கனம்.

தவணை 2016 இல் வந்தது. 2000 ஆம் ஆண்டிற் பிறந்த பிள்ளைகள் 16 வயதெய்தி அட்டைக்கு உரியவராயினர். அவர்களுக்கு 00 என்று இட்டால், 1900 இற் பிறந்த பாட்டனாருக்கும் பேரனுக்கும் வேறுபாடு ஏது? ஆகவே ஆட்பதிவுத் திணைக்களம் ஆண்டை நான்கு எண்களாக்கி, எழுத்தை நீக்கி, பன்னிரண்டு எண்கள் கொண்ட இலக்கத்தை வழங்கலாயிற்று.

முதல் தீர்ந்தது, வட்டி தீரவில்லை. பழைய அட்டைகளும் வழக்கில் இருப்பதால், பத்து இடமே ஒதுக்கி எழுதப்பட்ட நிரல்கள் யாவும் இருவகை இலக்கங்களையும் ஏற்குமாறு திருத்தப்பட வேண்டியவையாயின. கண்டியில் நம் மாணவர் சிலர், பத்துக் கட்டங்களே உள்ள படிவத்தில் பன்னிரண்டு எண்களை நெருக்கி எழுதத் திண்டாடியதை நாமே கண்டோம். பழையதைப் புதியதாக்குவது அரிதன்று. முன்னே 19 சேர்த்து, வரிசை எண்ணின் முன் ஒரு சுழியம் இட்டு, எழுத்தை விட்டுவிடலாம். இதனை அறியாத நிரலின் ஏட்டிலோ ஒரே மனிதர் இருவராகி விடுவார்!

இத்தகைய கடனை ஆள்வது எவ்வாறு? முதலில் அதனை எழுதி வைத்தல் வேண்டும்; இவ்விடத்தில் சுருக்கினோம், இன்ன ஆண்டுக்குள் திருத்துக என்று. இலக்கத்தைச் சோதிக்கும் விதி நிரலில் ஓரிடத்திலேயே இருப்பின் திருத்தமும் ஓரிடத்தில் முடியும். நூறு இடங்களிற் சிதறிக் கிடந்தால் தேடுவதிலேயே மாதங்கள் கழியும். அனைத்தையும் அழித்துப் புதிதாய் எழுதுவோம் என்பாரும் உளர். கண்டி மழையில் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பான யோசனை அது! வேறொரு வேலைக்காகத் திறக்கும் பகுதியை அப்போதே செப்பனிட்டுச் சிறுகச் சிறுக அடைப்பதே நம் கருத்துக்கு இசைந்தது.

நிரல் எழுதப் பழகும் மாணவர், இவ்விலக்கத்திலிருந்து பிறந்த நாளைக் கண்டறியும் சிறு நிரலொன்றை முயன்று பார்க்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இக்கணக்கில் பெப்ரவரிக்கு எவ்வாண்டிலும் 29 நாட்களே. ஆதலால் மார்ச் முதல் நாள் எப்போதும் 61.