மக்ரானாச் சலவைக்கல்

ஆக்ராவில் உள்ள தாஜ்மகாலைக் காண்போர் அதன் வெண்மையைக் கண்டு வியப்பர். அவ்வெண்மைக்குக் காரணமான சலவைக்கற்கள், இராசத்தான் மாநிலத்தில் ஆரவல்லி மலைத்தொடரை ஒட்டிய மக்ரானா என்னும் ஊரில் வெட்டியெடுக்கப்பட்டவை. அக்கல் எவ்வாறு தோன்றியது?

ஆரவல்லி, உலகின் மிகப் பழமையான மடிப்பு மலைகளுள் ஒன்றாகும். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அப்பகுதியில் கடல் பரந்திருந்தது. சங்கும் சிப்பியும் அக்காலத்தில் தோன்றவில்லை. கடல்நீரில் கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணப்பொருள் சிறிது சிறிதாக அடியில் படிந்து, சுண்ணாம்புக்கல் ஆயிற்று. இது படிவுப்பாறை வகையைச் சார்ந்தது.

பின்னர், புவியின் மேலோட்டுத் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கின. கடலடிப் படிவுகள் மடிந்து ஆழத்தில் புதைந்தன. அங்கு நிலவிய கடும் வெப்பமும் அழுத்தமும் சுண்ணாம்புக்கல்லை உருக்கிவிடவில்லை. அதன் நுண்துகள்களைப் பெரிய படிகங்களாக மாற்றி, ஒன்றோடொன்று இறுகப் பிணைத்தன. இவ்வாறு உருவான உருமாறிய பாறையே சலவைக்கல். நெடுங்காலம் காற்றும் மழையும் மேற்பாறைகளை அரித்ததால், அது நிலத்தின் மேற்பரப்பை அடைந்தது. தூய சுண்ணம் வெண்மையாக விளங்கும். பிற பொருள்கள் கலந்த இடங்களில் சாம்பல் நிற வரிகள் தோன்றும். ஒளி படிகங்களுக்குள் சிறிது புகுந்து மீள்வதால், கல் மென்மையாக ஒளிர்கிறது.

உருவம் மாறினும், சுண்ணத்தின் இயல்பு மாறவில்லை. உடைந்த சலவைக்கல் துண்டு ஒன்றின்மீது எலுமிச்சைச் சாற்றைச் சில துளிகள் இட்டு, அரைமணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அவ்விடம் பளபளப்பு இழந்து மங்கியிருக்கும். அமிலம் சுண்ணத்தைக் கரைக்கும் என்பதே காரணம்.

தாஜ்மகாலுக்கு நேரும் இடரும் இதுவே. நிலக்கரிப் புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடு, காற்றின் ஈரத்தோடு கூடி அமிலமாகிறது. அது கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றுகிறது. அதில் புகைக்கரி படிய, வெண்மை கெடுகிறது. இதனைத் தடுக்க, தாஜ்மகாலைச் சூழ்ந்த பகுதியில் நிலக்கரியைப் பயன்படுத்திய தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும்; இயலாதவை வேறிடம் செல்லவேண்டும் என 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

வெட்டியெடுத்த சலவைக்கல் மனிதரின் வாழ்நாளில் மீண்டும் விளைவதில்லை. ஆதலால், காற்றைத் தூய்மையாக வைத்திருப்பதே அக்கல்லுக்கு நாம் அளிக்கக்கூடிய உறுதியான காவலாகும்.