ஈயின் பெயரைக் கம்ப்யூட்டர் சொல்லுமா?

மொபைல் போனில் எடுத்த படங்களைப் புதிய கம்ப்யூட்டரில் காப்பி செய்யப் பழகிவிட்டீர்களா? அப்படியானால் தோட்டத்துப் பூச்சிகளின் படங்களை இணையத்தில் ஏற்றி, அவற்றின் பெயரைக் கண்டறியலாம். சாஃப்ட்வேர் துறையில் பணியாற்றும் நான் ஓய்வு நேரத்தில் பார்ப்பது ஒட்டுண்ணி ஈக்களின் படங்களை.

டாக்கினிட் குடும்பத்து ஈக்களின் புழுக்கள் வேறு பூச்சிகளின் உடலுக்குள் வளர்ந்து அவற்றைக் கொன்றுவிடும். உலகில் சுமார் 8,500 இனங்கள் அறியப்பட்டுள்ளன.

பெயர் தெரிந்து என்ன பயன்? கரும்பின் இளங்குருத்துப் புழுவை அழிக்கும் ஸ்டுர்மியோப்சிஸ் இன்ஃபெரன்ஸ் விவசாயியின் நண்பன். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தினர் இதை வளர்த்து ஆய்வு செய்துள்ளனர். பட்டுப்புழுவைக் கொல்லும் ஊசி ஈ, அதாவது எக்சோரிஸ்டா பாம்பிசிஸ், விரோதி. 1980-ல் கர்நாடகத்தில் நுழைந்து பட்டு விவசாயிகளுக்குப் பெரும் இழப்பைத் தந்தது. இரண்டும் ஒரே குடும்பம். சாதாரணப் படத்தில் இரண்டுமே முடி நிறைந்த சாம்பல் நிற ஈக்கள்தான்!

எங்கே ஏற்றுவது?

கூகுளில் இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் எனத் தேடவும். 2008-ல் தொடங்கிய இத்தளத்தில் எங்கள் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பங்குதாரர். படத்தை ஏற்றினால் நிபுணர்களும் ஆர்வலர்களும் பெயரைப் பரிந்துரைப்பார்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் 2017 முதல் கம்ப்யூட்டரே பெயரைப் பரிந்துரைக்கிறது.

செய்ய வேண்டியவை

1. மேல், பக்கவாட்டு, முகம், இறகு என நான்கு படங்கள் எடுக்கவும். இறகு நரம்பின் வளைவு முக்கியம்.

2. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும். படம் எடுத்த தேதி, இடம் பற்றிய விவரங்களும் போய்விடும். யுஎஸ்பி கேபிள் மூலம் ஒரிஜினல் பைலையே காப்பி செய்திடுங்கள்.

3. பைல் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் சென்றால் தேதியைக் காணலாம்.

4. ஈ எந்தப் புழுவிலிருந்து வந்தது, அந்தப் புழு எந்தச் செடியில் இருந்தது எனக் குறிப்பிடவும்.

படம் மட்டும் போதுமா?

பல நேரங்களில் போதாது. குடும்பம் வரை படம் சொல்லும். இனத்தை உறுதி செய்ய, உடலில் முட்கள் அமைந்துள்ள விதத்தையும் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அல்லது டிஎன்ஏ சோதனை தேவை. எனவே புழுவைக் காற்றோட்டமான டப்பாவில், அதே செடியின் இலையுடன் வளர்த்துப் பாருங்கள். ஈ வெளிவந்தால், இறந்தபின் அதை உலர்த்தி, அது விட்டுச்சென்ற பழுப்பு நிறக் காலி உறையோடு சிறு பெட்டியில் வையுங்கள். தேதி, ஊர், செடி, புழு ஆகியவற்றைப் பென்சிலால் லேபிளில் எழுதி, படத்தின் பைல் பெயரையும் அதில் குறியுங்கள்.

கம்ப்யூட்டர் காட்டும் முதல் பெயரை நம்பி மருந்து அடித்துவிட வேண்டாம். அந்த ஈ உங்கள் பயிரின் காவலாளியாகவும் இருக்கலாம்.