ஆரோக்கியம் யாரோடு மோதுகிறாள்?

தோழர்களே, கதையில் மோதல் வேண்டுமென்றால் உடனே ஒரு வில்லனைத் தேடுகிறோம். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவல் அப்படி ஒருவனைச் சுற்றிக் கட்டப்பட்டதல்ல. காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்துக்குச் சோறு போடுவதும் அந்தத் தெரு, அவமானப்படுத்துவதும் அதே தெரு. களத்துமேட்டில் கிடைக்கும் தானியம் குறைகிறது, அது வயிற்றுப்பாடு. மகள் மேரி சிதைக்கப்படுகிறாள். அது வயிற்றுப்பாட்டோடு நிற்பதில்லை. வாய்திறந்து நியாயம் கேட்டால் பிழைப்பும் போய்விடும். கேட்காவிட்டால் தாயாக இருந்து என்ன? விட்டுப்போகவும் வேறு ஊர் இல்லை. நெருக்கடி ஏறுவது என்பது இதுதான்: சம்பவம் பெரிதாவதல்ல, பறிபோவது இன்னும் நெருக்கமான ஒன்றாக இருப்பது.

ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயும் படிநிலை உண்டென்று காட்டியதால் இந்நாவல் நம்மவரிடையே கடும் விவாதத்தைக் கிளப்பியது. (கிளப்பட்டுமே!) எனக்கென்னவோ, மேரிக்கு நடந்ததை ஆரோக்கியம் வெளியே சொல்ல முடியாமல் விழுங்கும் இடமே நாவலின் உச்சம்.