காவல்காரனுக்கும் காவல் வேண்டும்

"இருதயத்தில் கருவி வைத்தாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" கல்கத்தாவில் பென்ஷன் வாங்கும் நம்மவர்கள் இப்படிக் கேட்பது இயல்பு. லட்சக்கணக்கில் செலவு செய்தவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? ஆனால் அவசரப்பட்டு மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும்.

வயதானவர்களுக்குப் பெரும்பாலும் வரும் இருதயக் கோளாறு ஒன்று உண்டு. டாக்டர்கள் அதை 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்' என்கிறார்கள். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். மணிக்கட்டில் நாடி பார்த்தால் தாளம் தப்பி அடிக்கும். இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சிறு பை இருக்கிறது. மேலறை நடுங்கும்போது அந்தப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். வால்வு நோய் இல்லாதவர்களுக்கு மேலறையில் உண்டாகும் கட்டிகளில் பத்தில் ஒன்பது இந்தப் பையில்தான் உண்டாகின்றன.

இதைத் தடுக்க ரத்தம் உறையாமைக்கான மாத்திரை கொடுக்கிறார்கள். வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. அவர்களுக்காக வந்ததே பையின் வாயை அடைக்கும் கருவி. தொடை ரத்தக்குழாய் வழியாக அதை உள்ளே செலுத்தி, குடை விரிப்பது போல் விரித்துவிடுகிறார்கள். அமெரிக்கா 2015ஆம் ஆண்டு அனுமதித்த கருவியின் பெயர் 'வாட்ச்மேன்'. நம் ஊர்த் தர்வானைப் போல வாசலில் நிற்பதால் அந்தப் பெயர் போலும்!

காவல்காரன் மேலேயே கட்டி

சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. நிக்கல்-டைட்டேனியம் கம்பியும் துணியும் கொண்ட அந்தக் கருவி உடலுக்கு அந்நியப் பொருள். அதன்மேல் இருதயத்தின் உள்தோல் படர்ந்து மூடும்வரை, ரத்தம் அதன்மீதே உறைந்துவிடலாம். 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவி பொருத்திய 1,739 பேரில் 65 பேருக்குக் கருவியின் மேலேயே கட்டி காணப்பட்டது. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஆனால் அப்படிக் கட்டி உண்டானவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது.

ஆகவே தோல் படரும்வரை மருந்து தேவைப்படுகிறது. ஆரம்பச் சோதனைகளில் கையாண்ட முறை இது: முதல் 45 நாள் வார்ஃபரின், ஆஸ்பிரின் இரண்டும், பிறகு உணவுக் குழாய் வழியாக எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, ஆறாம் மாதம் வரை ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும், அதன்பின் ஆஸ்பிரின் மட்டும். ஆளுக்கு ஆள் டாக்டர் இதை மாற்றுவார். நாமாக மாற்றக் கூடாது. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று அந்த எக்கோவைத் தள்ளிப்போடுவதும் தவறு. கட்டி இருப்பது உடம்புக்குத் தெரியாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கவனிக்க வேண்டும். அது துடிப்பைக் குறையாமல் பார்த்துக்கொள்ளும். மேலறை நடுக்கமும் இருந்தால் ரத்தம் உறைவதை அது தடுக்காது.

வால்வு கெட்டவர்கள்

சிறு வயதில் தொண்டைப் புண்ணும் வாத ஜுரமும் வந்து வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களுக்குக் கட்டிகளில் பாதிக்குச் சற்று மேல்தான் அந்தப் பையில் உண்டாகின்றன, மற்றவை மேலறையிலேயே. பை வாயை அடைத்து என்ன பயன்? அவர்களுக்குப் பழைய மாத்திரையே கதி. விலை உயர்ந்த புது மாத்திரையோடு அதை ஒப்பிட்டு, 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022ல் வந்தது. பழைய மருந்து சாப்பிட்டவர்களிடையே சாவு குறைவு.

செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கோ ஆயுள் முழுவதும் மாத்திரை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்ரா வால்வு, முந்தைய மாதிரிகள் தோற்றபின், 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலைக்கு ஏங்கியவர்களுக்கு அது வரப்பிரசாதம். இருந்தும் அதுவும் உலோக வால்வுதான். மாத்திரையிலிருந்து விலக்கு இல்லை.

இந்தப் பழைய மாத்திரைகள் (வார்ஃபரின், அசிட்ரோம்) சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனையை விடக் கூடாது. குளிர்காலத்தில் பாலங் சாக் மலிவாகக் கிடைக்கிறதென்று தினமும் கீரையாகத் தின்றால் மருந்தின் வேகம் குறையும். கீரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். அளவு மாறாமல் இருந்தால் போதும். முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை ரத்தக் கசிவை உண்டாக்கும். ஹவுரா–சென்னை மெயிலில் ஊருக்குப் போகிறவர்கள் விடுமுறை முழுவதற்கும் மாத்திரை எடுத்துப் போவது நல்லது.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பி.ஜி. ஆஸ்பத்திரியை ஒட்டிய பாங்கூர் நரம்பியல் நிலையம் போன்ற இடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும். மாத்திரைச் சீட்டும் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளும் கூடவே போகட்டும். ஊசி போடலாமா கூடாதா என்று முடிவு செய்ய டாக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.