விடுதியினின்று வீட்டிற்கு

1876–78ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தில் பெற்றோரை இழந்த சிறாரை மிஷனெரிமார் அநாதசாலைகளில் ஏற்றுக் காத்தனர். அஃது அக்காலத்திற்கேற்ற அறமே. ஆயினும் ஊணும் உடையும் அளிக்கும் சாலை, மடியிலிருத்திச் சீராட்டும் தாய்க்கு ஈடாகுமோ? ருமேனியா நாட்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியில், விடுதியிலேயே வளர்ந்த குழந்தைகளினும் வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்ந்தோர் அறிவில் மேம்பட்டனர். இரண்டு வயதிற்குள் சேர்ந்தோர் பெரிதும் தேறினர்.

நம் நாட்டுத் திருச்சபைகள் செய்யத்தக்கன மூன்று. விடுதிப் பிள்ளைகள் பலர்க்குத் தாயேனும் தந்தையேனும் உளர்; வறுமையே அவர்களைப் பிரித்தது. ஆதலின் முதலாவது, காணிக்கையில் ஒரு பங்கை அப்பெற்றோர்க்கு ஈந்து, பிள்ளையை வீடு சேர்த்தல். இரண்டாவது, உற்றார் அற்றோர்க்குச் சபையிலுள்ள நற்குடும்பங்களை ஆயத்தப்படுத்தல். முன்னாளில் கிறிஸ்தவர் பெரும்பாலும் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளராக மட்டுமே ஆகக்கூடும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ எம்மதத்தார்க்கும் தத்தெடுக்கும் உரிமை தருகின்றது. ஆயின் குழந்தைகள் நலக் குழு முதலிய அதிகாரிகளின் ஆணையின்றி எப்பிள்ளையையும் கொண்டுசெல்லலாகாது. மூன்றாவது, போதகரும் மூப்பரும் அவ்வீடுகளை அடிக்கடி சென்று கண்டு, தளர்ந்தவிடத்துத் தாங்குதல்.

அநாதசாலைக்குக் கல்லும் மரமும் ஈந்த சபையார், இனித் தம் வீட்டிலேயே ஓரிலை கூடுதலாக இடுவாராக.